சீனி இறங்கிவிட்டது, அப்பாவின் கால் ஏன் மெலிகிறது?

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம். தேவையான பகுதியை மட்டும் தருகிறேன்.

"அப்பாவுக்கு 73 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். 18 வருடமாகச் சீனி வருத்தம். சீனிக்கு மெற்போமின், கிளிக்ளசைட் என்ற இரண்டு குளிசையும் எடுக்கிறார். போன வருடம் டெங்கு வந்து 9 நாள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அதற்குப் பிறகு பழைய ஆள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் 64 கிலோ, இப்போது 56. சாரத்தை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் நழுவுகிறது. சீனி கூடிவிடும் என்ற பயத்தில் விடிய குரக்கன் புட்டும் சம்பலும், மத்தியானம் கொஞ்சச் சோறும் மரக்கறியும் ஒரு துண்டு மீனும், இரவில் தேத்தண்ணியும் இரண்டு கிறீம் கிறேக்கரும்தான். செவ்வாய், வெள்ளியில் மச்சம் தொடமாட்டார். கிளினிக்கில் எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.4, நல்ல கட்டுப்பாடு என்று சொல்லி அனுப்பினார்கள். சொந்தக்காரரும் 'சீனிக்காரர் மெலியத்தானே வேணும்' என்கிறார்கள். ஆனால் கோணேசர் கோயிலுக்கு ஒரே மூச்சில் ஏறுகிறவர், இந்த முறை கோட்டை வாசலைத் தாண்டி இரண்டு இடத்தில் குந்திவிட்டார். வீட்டுக்குள் இரண்டு தரம் விழுந்துவிட்டார். நாங்கள் இப்போது அவரை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. தம்பி சைக்கிளையும் விற்கப் பார்க்கிறான். இது வயதால் வருவதா, சீனியால் வருவதா? சைக்கிளை விற்பதா?"

சகோதரி, வயதாலும்தான், சீனியாலும்தான். மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது, சொன்னால் கோபிக்கக் கூடாது: உங்கள் வீட்டாரின் அன்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

போன 8 கிலோ எதிலிருந்து போனது என்று முதலில் பார்ப்போம். தராசுக்கு அது தெரியாது. கொழுப்புக் கரைந்தாலும் தசை கரைந்தாலும் முள் ஒரே பக்கம்தான் நகரும். வயிறு தள்ளிய 45 வயதுக்காரர் ஒருவர் நடந்து, சாப்பாட்டைத் திருத்தி 8 கிலோ குறைத்தால் நான் கைகொடுத்து அனுப்புவேன். 73 வயதில், ஒரு முயற்சியும் இல்லாமல், உடம்பில் எட்டில் ஒரு பங்கு தானாகப் போனால் எனக்குப் பயம்தான் வரும். சாரம் நழுவுவதை விட, கோயில் ஏற்றத்தில் இரண்டு இடத்தில் குந்தினார் என்று எழுதினீர்களே, அதுதான் முக்கியமான தகவல். அப்பாவின் தொடைத் தசை போய்க்கொண்டிருக்கிறது.

வயதோடு தசை குறைவது பழைய விஷயம். அதற்கு ஒரு பெயர் கிடைத்தது மட்டும் அண்மையில்தான். 1989இல் இர்வின் றோசன்பேர்க் என்ற அமெரிக்க மருத்துவர் கிரேக்கச் சொற்களை ஒட்டி 'சார்கோபீனியா' என்று வைத்தார். தசைக்கு வந்த வறுமை என்று சொல்லலாம். ஐம்பதைத் தாண்டினால் தசை வருடத்துக்கு ஒரு வீதம் அளவில் குறையும். பலம் அதைவிட வேகமாகக் குறையும். சீனி வருத்தம் உள்ளவர்களில் இரண்டுமே கெதியாக நடக்கும்.

ஏன் என்று கேட்டால், இன்சுலினைச் சீனியை இறக்கும் சாமான் என்று மட்டும் நாங்கள் பழகிவிட்டோம். அது தசைக்குக் காவல்காரனும்கூட. தசையில் உள்ள புரதம் உடைந்து போகாமல் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் சொல்வது தசைக்குக் கேட்பதில்லை. காவல் தளர்கிறது, உடைப்புக் கூடுகிறது. தசை நார்களுக்கிடையில் கொழுப்பும் போய்ப் படிகிறது. அதனால் கால் பார்வைக்கு அவ்வளவு மெலியாமலே பலம் இழந்தவர்களும் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியை வாங்கிச் சேமிக்கும் பெரிய பண்டகசாலை தசைதான். தசை குறையக் குறையச் சீனிக்குப் போக இடம் இல்லை. சீனி தசையைத் தின்னும், தசை குறைந்தால் சீனி ஏறும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கீழே போகிற கதை.

அப்படியென்றால் அப்பாவுக்கு 6.4 எப்படி வந்தது? நீங்கள் எழுதிய சாப்பாட்டைப் பார்த்தாலே விளங்கும். சாப்பாடு பாதியாகிவிட்டது, குளிசை அதே அளவு. சீனி இறங்காமல் என்ன செய்யும்? அந்த இலக்கம் நல்ல கட்டுப்பாட்டைக் காட்டலாம், அரைப் பட்டினியையும் காட்டலாம். இரத்தசோகை இருந்தால் எச்.பி.ஏ.1சி பிழையான இலக்கத்தையும் காட்டும். கிளிக்ளசைட் எடுக்கும் முதியவர் இரவில் இரண்டு பிஸ்கட்டோடு படுத்தால் நடுச்சாமத்தில் சீனி கீழே விழும். வியர்த்து எழும்புகிறாரா, விடிய தலையிடி என்கிறாரா, முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இரண்டு விழுகையும் எத்தனை மணிக்கு நடந்தன என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள். 70 தாண்டி, உடம்பு தளர்ந்து, விழவும் தொடங்கிய ஒருவருக்கு எச்.பி.ஏ.1சி 8க்குக் கீழே இருந்தாலே போதும் என்று விடும் மருத்துவர்கள் இப்போது நிறையப் பேர். குளிசையைக் குறைப்பதா என்பதை அவருடைய டொக்டர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் கேட்காமல் திரும்பி வரவும் வேண்டாம்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். என் தாயாருக்கும் சீனி. மெலிந்து வந்தபோது "அம்மா, இப்பதான் வடிவாக இருக்கிறியள்" என்று பாராட்டியவன் நான். ஒரு நாள் கழிவறையில் குந்திய இடத்தில் இருந்து எழும்ப முடியாமல் கூப்பிட்டார். அதுவரை என் கண் அவருடைய சீனிக் கொப்பியில்தான் இருந்தது, காலில் இல்லை.

இனி உங்கள் அப்பாவின் கணக்கு. முதலாவது அந்த 9 நாள். படுக்கை முதியவரின் தசையை எப்படித் தின்னும் என்பதை 2007இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. வருத்தம் ஒன்றும் இல்லாத முதியவர்களை 10 நாள் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவு தசை போய்விட்டது. அவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, சீனி இல்லை, சாப்பாட்டிலும் குறை இல்லை. அப்பாவுக்கோ டெங்கு. இளம் பிள்ளை எழும்பி ஓடினால் போனது திரும்பி வந்துவிடும். முதியவருக்குத் தானாகத் திரும்பாது, திருப்பிக் கட்ட வேண்டும். நீங்கள் எல்லாரும் செய்தது நேர்மாறு. "நீங்கள் இருங்கோ அப்பா, நாங்கள் பார்க்கிறம்" என்று கதிரையில் இருத்திவிட்டீர்கள். தண்ணீர் கைக்கு வருகிறது, கடைக்குத் தம்பி போகிறான், கிணற்றடிக்கும் ஆள் கூடப் போகிறது. நான் சொன்ன அன்பு இதுதான். டெங்கு 9 நாளில் போய்விட்டது. கதிரை ஒரு வருடமாகப் போகவில்லை.

இரண்டாவது சாப்பாடு. குரக்கனில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் குரக்கன் புட்டு புட்டுத்தான். குரக்கன் என்றால் சீனி ஏறாது என்று நம்பி மற்றதையெல்லாம் விட்டவர்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். அப்பாவின் ஒரு நாள் தட்டைக் கூட்டிப் பார்த்தால் புரதம் 35 கிராமைத் தாண்டாது. செவ்வாய், வெள்ளியில் அதுவும் இல்லை. வயதானவருக்கு உடல்நிறையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது இப்போது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. வருத்தத்தில் இருந்து தேறுகிறவருக்குக் கொஞ்சம் கூடவே வேண்டும். 56 கிலோ மனிதருக்கு 65 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

மூன்றாவது நரம்பு. 18 வருடச் சீனியில் காலில் விறைப்பு, எரிவு, பஞ்சில் மிதிப்பது போன்ற உணர்வு வந்திருக்க இடம் உண்டு. உணர்வு நரம்பு பழுதாகும்போது தசையை இயக்கும் நரம்பும் சேர்ந்து பழுதாகும். கட்டளை வராத தசை சும்மா இருந்து சுருங்கும். நீண்டகாலம் மெற்போமின் எடுப்பவர்களில் சிலருக்கு விற்றமின் பி12 குறைவதும் இதே விறைப்பைக் கொண்டுவரும். அது ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும், சுலபமாகத் திருத்தலாம். மெற்போமின் சிலருக்குப் பசியையும் கெடுக்கும்.

நாலாவதை யாரும் கேட்பதில்லை: பல். சீனிக்காரரின் முரசு கெதியாகக் கெடும். கடிக்க முடியாதவர் முதலில் விடுவது இறைச்சியும் மீனும் கடலையும்தான், பிடிப்பது தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட். அப்பா கிறீம் கிறேக்கரை விரும்பித்தான் சாப்பிடுகிறாரா, வேறு எதையும் மெல்ல முடியாமல் சாப்பிடுகிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சிறுநீரகம், புகை, வெயில் படாமல் வீட்டுக்குள் இருப்பதால் குறையும் விற்றமின் டி, ஓய்வுபெற்ற பிறகு வரும் மனச்சோர்வு, இவைக்கும் பங்கு உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. 8 கிலோ போனதை முழுக்கத் தசையின் தலையில் கட்டிவிட்டு நான் நித்திரை கொள்ள முடியாது. சீனி உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களை விடக் கூட. இரண்டு வாரம் தாண்டிய இருமல், பின்னேரக் காய்ச்சல் இருந்தால் சளிப் பரிசோதனையும் நெஞ்சுப் படமும் வேண்டும். தைரொயிட், புற்றுநோய், இவற்றையும் டொக்டர் ஒருமுறை யோசிக்க வேண்டும். இன்னொன்று, ஒரு பக்கத் தொடையில் திடீரென்று கடும் நோவு வந்து, சில வாரத்தில் அந்தத் தொடை மட்டும் வற்றினால் அது வேறு கதை. நீரிழிவில் தொடை நரம்புகளுக்கு வரும் ஒரு தனி வருத்தம் அது. அதற்குத் தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? அப்பாவைக் கதிரையில் இருத்தி, அவருடைய இரண்டு கைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வளையமாக்கி, கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல்கள் முட்டாமல் நின்றால் நல்லது. முட்டிய பிறகும் உள்ளே இடைவெளி இருந்தால் சந்தேகம் பலம். ஜப்பானில் எழுந்த எளிய சோதனை இது. தையல்காரரின் அளவு நாடா இருந்தால் அதே இடத்தை அளக்கலாம். ஆசியாவுக்கென்று 2019இல் திருத்திய அளவுகோலில் ஆணுக்கு 34 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 33, இதற்குக் கீழே போனால் மேலும் பார்க்க வேண்டும். கால் வீங்கியிருந்தால் இந்த அளவை நம்பாதீர்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது கதிரைச் சோதனை. கைபிடி இல்லாத, சுவரோடு ஒட்டிய கதிரை. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்க வேண்டும். 12 விநாடிக்குள் முடிந்தால் நல்லது. அதைத் தாண்டினால் கால் பலம் குறைவு. கை ஊன்றாமல் எழும்பவே ஏலாது என்றால் விநாடி எண்ண வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை, ஏனென்றால் திருகோணமலையில் இருந்துகொண்டு புரதம் இல்லை என்பது கடற்கரையில் இருந்துகொண்டு உப்பில்லை என்பது மாதிரி. விலை கூடிய அறக்குளா தேவையில்லை. சூடையும் கீரியும் நெத்தலியும் போதும். சமைத்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. முட்டை ஒன்றில் 6 கிராம். அவித்த கடலை ஒரு கோப்பையில் 14 கிராம் அளவில். சோயா 30 கிராம் உலர்வாக எடுத்து ஊறவைத்துக் கறி வைத்தால் 15 கிராம், இது செவ்வாய், வெள்ளிக்குக் கைகொடுக்கும். அந்த நாளில் மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரும் இருக்கவே இருக்கிறது, பாணி விடாமல். கருவாட்டில் புரதம் உண்டு, ஆனால் உப்பு. பிரஷர் உள்ளவர் அதை நம்ப வேண்டாம்.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் உண்டு. இளம் தசை கொஞ்சப் புரதத்துக்கே விழித்துக்கொள்ளும். முதிய தசைக்குக் காது மந்தம், ஒரே வேளையில் 25 கிராம் அளவு போனால்தான் கட்டத் தொடங்கும். எங்கள் வீடுகளில் மீன் முழுக்க மத்தியானத்தில் நிற்கிறது. விடியவும் இரவும் மாவும் தேங்காயும். ஆகவே விடிய குரக்கன் புட்டைப் பாதியாக்கி, இரண்டு முட்டையும் கொஞ்சம் கடலையும் வைத்துப் பாருங்கள். இரவு பிஸ்கட்டுக்குப் பதில் இரண்டு இடியப்பமும் சூடை மீன் சொதியும். மென்று தின்னக் கஷ்டம் என்றால் மீனை முள் எடுத்து உதிர்த்து, சொதியிலேயே பிசைந்து கொடுங்கள். பாணோ சோறோ கூடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மொத்தச் சாப்பாடு குறைந்தால் உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும்.

ஆனால் இதற்கு முன் சிறுநீரகத்தைப் பார்த்தாக வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சிறுநீரகத்துக்கென்று இரத்தத்தில் கிறியேற்றினின் பார்க்கிறார்களே, அது தசையில் இருந்து வருவது. தசை குறைந்தவருக்கு அந்த இலக்கமும் குறைவாகவே வரும், சிறுநீரகம் உண்மையில் உள்ளதை விட நன்றாக இருப்பதுபோல் தெரியும். எனவே கிறியேற்றினின் சரி என்பதோடு நிற்காமல் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கக் கேளுங்கள். சிறுநீரகம் கடுமையாகப் பழுதாகி, டயாலிசிஸ் இன்னும் தொடங்காதவருக்கு நான் சொன்ன 65 கிராம் பொருந்தாது. அவருக்கான அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

புரதம் மட்டும் கொடுத்தால் தசை வராது. கல்லும் சீமெந்தும் வளவில் கொட்டிவிட்டால் வீடு எழும்பாது, மேசன் வர வேண்டும். மேசன், பாரம். நடை நல்லது, சீனிக்கும் இருதயத்துக்கும் நல்லது, ஆனால் தொடைத் தசையைக் கட்ட நடை மட்டும் காணாது. 73 வயதில் முடியுமா என்று கேட்பீர்கள். 1990இல் பொஸ்ரன் நகரில், ஒரு முதியோர் இல்லத்தில், 86இல் இருந்து 96 வயது வரையான பத்துப் பேருக்குக் கால் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். 8 வாரத்தில் தொடைப் பலம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அவர்களோடு பார்த்தால் உங்கள் அப்பா இளந்தாரி.

ஜிம் வேண்டாம். அதே கதிரை போதும். சோதனைக்குச் செய்த எழும்பி இருத்தலையே பயிற்சியாக்குங்கள். தொடக்கத்தில் ஏலுமான அளவு, கை ஊன்றினாலும் பரவாயில்லை, காலையும் பின்னேரமும். இருக்கும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், தசை கட்டுவதில் பாதி அந்த இறக்கத்தில்தான். பத்துத் தரம் சுகமாக வந்துவிட்டால், ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யட்டும். குசினிக் கட்டைப் பிடித்துக்கொண்டு குதிக்காலைத் தூக்கி இறக்குவது, விறாந்தைப் படியில் ஒரு காலால் ஏறி இறங்குவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இவ்வளவும் வாரத்தில் இரண்டு மூன்று நாள். கடைசி இரண்டு தரம் கஷ்டமாக இருக்க வேண்டும். கஷ்டமே இல்லாவிட்டால் பாரம் காணாது. மூச்சை அடக்கி முக்கக் கூடாது. கண்ணில் சீனிப் பாதிப்புக்கு லேசர் வைத்தவர் என்றால் கண் டொக்டரைக் கேட்காமல் பாரம் தொட வேண்டாம். நெஞ்சு இறுகினால் நிறுத்த வேண்டும். வெறும் வயிற்றில் வேண்டாம், சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் இனிப்பு இருக்கட்டும்.

கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடந்தால் பலம் வரும் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. கால் விறைத்தவருக்கு அது கூடாது. மத்தியான மணல் சுட்டது தெரியாமல் கொப்புளத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோணேசர் கோயில் கல்லும் அப்படித்தான். விடியப் புறம் போய் வெயில் ஏறமுன் இறங்கிவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போங்கள். அப்பா ஆசிரியர் அல்லவா, "எல்லாம் சுகம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். இரண்டு வருடத்தில் 8 கிலோ, இரண்டு விழுகை, இரவுச் சாப்பாடு இல்லை என்ற மூன்றையும் நீங்கள் சொல்லுங்கள். கிளிக்ளசைட் இந்த அளவில் வேண்டுமா, பி12 பார்க்கலாமா, சிறுநீர் அல்புமின் பார்த்ததா என்று கேளுங்கள். படுத்திருக்கும்போதும் எழும்பி நின்ற பிறகும் பிரஷரை அளக்கச் சொல்லுங்கள், நிற்கும்போது விழுகிற பிரஷரும் ஆளை விழுத்தும். பிசியோதெரபிக்கு ஒரு துண்டும் வாங்கி வாருங்கள்.

சைக்கிளை விற்க வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். இப்போதைக்கு ஓடவும் வேண்டாம். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்பி, சீனி கீழே விழுவதும் நின்று, கண்ணும் காலும் பார்த்த பிறகு, முதல் நாள் ஒழுங்கைக்குள் மட்டும் ஓடட்டும். அதுவரை சைக்கிளுக்கு எண்ணெய் விடுகிற வேலையும், காற்று அடிக்கிற வேலையும் அப்பாவுடையது. கைப்பம்பால் அடிக்கட்டும். நீங்கள் யாரும் வாங்கி அடிக்க வேண்டாம்.